கேப்டனின் முதுகு

அவர் துப்பியது என் இடது கன்னத்தில் வந்து விழுந்தது. காலையில் கிளம்பி இன்னும் வெயில்கூட ஏறவில்லை. துடைக்க வேண்டுமென்றால் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். எடுத்தால் வண்டி லேசாக ஆடும். ஆடினால் அவர் திரும்பிப் பார்க்காமலேயே "ஆட்டாத, ஆட்டாத" என்பார். அதனால் தோளைத் தூக்கிக் கன்னத்தைச் சட்டையில் தேய்த்துக்கொண்டேன். ஈரம் பரவியதே தவிரப் போகவில்லை. முதல் சில நாள் சொல்லிப் பார்த்தேன். "காத்து எதிர்ல அடிக்குது, துப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். "சரி சரி" என்றார். அடுத்த முறை துப்பி முடித்துவிட்டு "துப்பறேன்" என்று சொன்னார். அதை அவர் பெரிய நகைச்சுவையாக நினைத்துக்கொண்டது முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

இரண்டு பேர் ஓட்டும் சைக்கிள் அது. ஒரே சட்டம், இரண்டு சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி மிதி. திசை, பிரேக், கியர், மணி எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்கும் ஒரு கைப்பிடி உண்டு, ஆனால் அது எதையும் திருப்பாது. ஒப்புக்குச் சப்பாணி. இரண்டு ஜோடி மிதியையும் ஒரு சங்கிலி இணைத்திருப்பதால் அவர் கால் சுற்றினால் என் காலும் சுற்றும், அவர் நிறுத்தினால் என் காலும் நின்றாக வேண்டும். யார் அழுத்துகிறார்கள், யார் சும்மா காலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. முன்னால் இருக்கும் என் கணவருக்குச் சாலை தெரியும். எனக்கு அவர் முதுகு தெரியும்.

கடல் ஓரம் கிளம்பி, மலை தாண்டி, மறுபக்கக் கடல்வரை போவதாக ஏற்பாடு. எந்த ஆறு, எந்தப் பாலம், எந்தத் தோப்பு வழியாக வந்தோம் என்று என்னைக் கேட்டால் விழிப்பேன். அவர் முதுகைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வேன். வியர்வை காய்ந்து பனியனில் உப்புக் கோடு விழும். நேற்றைய கோட்டுக்கு வெளியே இன்றைய கோடு. பிடரியில் ஒரு மரு, அதில் ஒரே ஒரு முடி. இத்தனை வருடக் குடித்தனத்தில் அதை நான் பார்த்ததே இல்லை, இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேகமாக மிதிக்கும்போது மூக்கால் ஒரு பாட்டை முனகுவார், எப்போதும் முதல் இரண்டு வரி மட்டும். வயிற்றில் காற்று சேர்ந்தால் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்வார். அது எனக்காக விடும் எச்சரிக்கை என்று முதலில் நினைத்தேன். இல்லை, அவருக்கு அதுதான் வசதி.

நான் செய்யும் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மருத்துவமனையில் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சளி, சிறுநீர், மலம், சீழ் எல்லாம் டப்பாக்களில் வரும். திறந்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்ப்பேன். பார்த்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிடுவேன். ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. அருவருப்பு என்பதே படிக்காதவர்களுக்கு வருவது என்று ஒரு காலத்தில் திமிராகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதரின் பிடரியில் இருக்கும் ஒற்றை முடியைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டுகிறது.

பயணத்துக்கு நான் உடனே தலையாட்டவில்லை. வேலைக்கு நான்தான் வருடக்கணக்காகச் சைக்கிளில் போய் வருகிறவள். அவர் காரில் போவார். இயந்திரங்கள் விற்கும் நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்குச் சைக்கிள் மேல் காதல் வந்தது. காதல் வந்த கையோடு இறுக்கமான டவுசர், கறுப்புக் கண்ணாடி, இந்த வண்டி எல்லாம் வந்தன. "கனமா இருக்கறவங்க முன்னாடி உக்காரணும், அதான் விதி" என்றார். போகிற ஊரிலெல்லாம், "நான் கேப்டன், இவ எஞ்சின்" என்று அறிமுகப்படுத்துவார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால், "எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்துங்கப்பா" என்பார். அதற்கும் சிரிப்பார்கள். விற்கத் தெரிந்த மனிதர், எதையும் விற்றுவிடுவார்.

என்னிடம் இந்தப் பயணத்தை விற்றது ஒரே ஒரு வாக்கைக் கொடுத்துத்தான். "எந்த இடத்துல வேணா நீ போதும்னு சொல்லு. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். அடுத்த ரயில்ல வண்டிய ஏத்திட்டு வீடு." அந்தச் சொல்லை நம்பித்தான் வந்தேன். கிளம்பும் நாளில் வழியனுப்ப வந்த கொழுந்தனார், "அண்ணி ஒரு வாரம் தாங்கினாலே அதிசயம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் மகள் உள்பட. அந்தச் சிரிப்புதான் இத்தனை நாளும் என் வாயைக் கட்டிப்போட்டது. கால் நோகவில்லை. மூச்சு வாங்கவில்லை. தினமும் என் காலால்தான் பாதி வண்டி ஓடுகிறது. ஆனால் போதும் என்று நான் சொன்னால், உடம்பு தாங்காமல் சொன்னாள் என்றுதான் ஊர் சொல்லும். இந்த முதுகைத் தாங்க முடியவில்லை என்று எந்த ஊருக்குப் போய்ச் சொல்வது?

இன்றைக்கு மாலை சேர வேண்டிய ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது. அதைத் தாண்டினால் மேட்டு நிலம். மலை இறங்கும்வரை தண்டவாளமே கிடையாது. ஆகவே சொல்வதாக இருந்தால் இன்று சொல்ல வேண்டும். விடிந்ததிலிருந்து நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குப் போய், குளித்து, தலை காய்ந்து, நல்ல உடை உடுத்தி, நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். தோற்றவள் முகத்தோடு சொல்லக் கூடாது. "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்குப் போதும்." அவ்வளவுதான்.

மேடு தொடங்கியதும் அவர் பாட்டு நின்றது. முதலில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு முதுகில் ஒரு மாற்றம் தெரிந்தது. வியர்வை வழக்கமான இடத்தில் இல்லை. கழுத்தில், காதுக்குப் பின்னால், கையின் மயிர்க்கால்களில் எல்லாம் முத்து முத்தாக நின்றது. கை மயிர் சிலிர்த்திருந்தது. இது வெயில் வியர்வை இல்லை என்று எனக்குத் தெரியும். நேற்று மதியம் வழியில் ஒரு குழாய். பக்கத்திலேயே மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி. குழாயிலிருந்து வந்த தண்ணீரும் தொட்டித் தண்ணீரின் நிறத்தில்தான் இருந்தது. "இந்தத் தண்ணியில கிருமி சாக மாத்திரை போட்டிருக்கேன், அரை மணி நேரம் பொறுங்க" என்று பாட்டிலை நீட்டினேன். "உனக்கு எல்லாத்துலயும் கிருமி. மாடு என்ன செத்தா போச்சு?" என்று சொல்லி, இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார். குடித்துவிட்டு என் மேல் கொஞ்சம் தெளிக்கவும் செய்தார்.

அவர் கால் அழுத்தவில்லை என்று என் காலுக்குத் தெரிந்தது. வண்டியின் கனம் முழுவதும் என் தொடைக்கு வந்தது. "என்னங்க?" என்றேன். இருக்கையிலிருந்து கொஞ்சம் எழுந்தார். அது வழக்கம்தானே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனேன். அதற்குள் அவர் சட்டென்று திரும்ப உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். அவருக்கு முன்னால் சாலை இருந்தது, எனக்கு முன்னால் அவர்தானே இருந்தார். இறுக்கமான டவுசர் ஒன்றையும் ஒளிக்காது. தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் தேங்கி, காலுறைக்குள் போயிற்று. மிதி சுற்றும்போது கொஞ்சம் என் காலணி மேலும் தெறித்தது.

"நிறுத்தணும்" என்றார். குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. "நிறுத்துங்க, பிரேக் உங்க கையிலதான் இருக்கு" என்றேன்.

மேட்டின் உச்சியில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதுவரை நான் வண்டியைத் தள்ளினேன். அவர் கால்களை அகட்டி வைத்துப் பின்னால் நடந்து வந்தார். ஒரு லாரி கடந்து போனது. ஓட்டுநர் ஒலிப்பானை அடித்துக் கையை ஆட்டினார். இரட்டைச் சைக்கிளைப் பார்த்தால் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுவார்கள். கேப்டன் வழக்கம்போலக் கையைத் தூக்கப் போய், தூக்காமல் விட்டுவிட்டார். பங்க்குக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை, பின்பக்கம் தகரக் கதவு போட்ட கழிப்பறை, அதன் சுவரில் ஒரு குழாய், ஒரு வாளி, லாரி கழுவும் நீளமான ரப்பர் குழாய். யாரும் பார்க்காமல் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

கழிப்பறையைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. தாழ்ப்பாள் இல்லை, அது போதும். அவரைச் சுவரைப் பார்க்க நிற்கவைத்து, டவுசரை உரித்தேன். உரித்தேன் என்பதுதான் சரியான சொல். அவர் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். ரப்பர் குழாயால் மேலிருந்து கீழே அடித்தேன். இடுப்பு, தொடை, முழங்கால் மடிப்பு, கணுக்கால். கையாலும் தேய்த்தேன். நுரையோடு, மஞ்சளாக, சளி கலந்து இருந்தது, இரத்தம் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று மனதுக்குள் அறிக்கை எழுதிக்கொண்டே கழுவினேன். ஒரு துளி அருவருப்பும் வரவில்லை. அந்த முதுகு அப்போது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வயதான, மெலியத் தொடங்கிய, முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிகிற ஒரு முதுகு. அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை, தோள்பட்டையில் தெரிந்தது.

"நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றார் சுவரைப் பார்த்து.

"பேசாம நில்லுங்க. இன்னொரு காலத் தூக்குங்க."

"தண்ணி குடிக்காதேன்னு நீ சொன்ன."

"சொன்னேன். இப்ப என்ன, விடுங்க."

அவருடைய இன்னொரு டவுசர் நேற்று இரவு துவைத்தது, பையில் ஈரமாக நாறிக்கொண்டிருந்தது. என் காற்சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இடுப்பில் நாடா வைத்தது. அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஓரத்தில் சின்னப் பூ வேலை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பல நாள் கழித்து இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். "முன்னாடி போய் நிழல்ல உக்காருங்க, இத அலசிட்டு வரேன்" என்று அனுப்பினேன். குந்தி உட்கார்ந்து அந்த டவுசரை அலசும்போது, இன்று மாலை சொல்லப்போகும் சொல்லைப் பற்றி யோசித்தேன். சொல்ல வேண்டாமோ என்று தோன்றியது. இரண்டு நாள் அந்த ஊரில் தங்கி, கஞ்சி வைத்துக் கொடுத்து, தேறியதும் மேட்டு நிலத்தையும் ஒரு கை பார்த்துவிடலாமோ என்றுகூடத் தோன்றியது. கையில் மலம், மனதில் அன்பு. என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வாளியோடு முன்பக்கம் வந்தபோது அவர் கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரம்மா அடுப்பை விட்டு வெளியே வந்து நின்றிருந்தார். பங்க்கில் வேலை செய்கிறவரும் பக்கத்தில் இருந்தார். நான் சுவர் ஓரம் வரும்போது கேப்டனின் குரல் கேட்டது. பழைய குரல், விற்கிற குரல்.

"வீட்டுக்காரிக்கு வயிறு சரியில்ல. வழியிலயே ஆயிடுச்சு, பாவம். நான் சொன்னேன், கண்ட குழாய்லயும் வாய வைக்காதேன்னு. கேட்டாத்தானே. பழக்கமில்லாத உடம்பு பாருங்க."

"அடடா" என்றார் கடைக்காரம்மா.

"அவளத் தூக்கி எறக்கினதுல என் டவுசரும் வீணாயிடுச்சு. அதான் அவளோடத மாட்டிட்டு உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

நான் வாளியோடு அங்கேயே நின்றேன். எங்கள் கூடத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: டப்பாவைத் திறக்கும் முன் மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார். உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும் கழுவிவிடலாம், பெயர் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. டப்பாவைக் கொண்டுவருகிறவர்கள் வெட்கத்தில் எத்தனையோ சொல்வார்கள். இது என் அப்பாவுடையது, இது பக்கத்து வீட்டுக்காரருடையது என்பார்கள். "பரவாயில்ல, உங்க பேரச் சொல்லுங்க" என்று நான் மெதுவாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. ஆனால் யாரும் என் பெயரை ஒட்டிக் கொண்டுவந்ததில்லை. இவர் ஒட்டிவிட்டார், அதுவும் நான் கழுவிய கை காயும் முன்பே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்போதுதான் எனக்குக் குமட்டியது. கழிப்பறையில் வராத குமட்டல் அந்த வெளிக்காற்றில் தொண்டைவரை வந்தது.

என்னைப் பார்த்ததும் கடைக்காரம்மா ஓடிவந்து வாளியை வாங்கிக்கொண்டார். "நீ ஏம்மா தூக்கற, உக்காரு" என்றார். பங்க்கில் இருந்தவர் கொஞ்சம் தயங்கி, "உள்ள நல்லாத் தண்ணி ஊத்திட்டீங்கதானே?" என்று கேட்டார். ஊற்றிவிட்டேன் என்று தலையாட்டினேன். தலையாட்டிய பிறகுதான் அது ஒப்புக்கொண்டதாகிவிட்டது என்று உறைத்தது. கேப்டன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பூ வேலை செய்த காற்சட்டையின் நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கடைக்காரம்மா ஒரு பெரிய கண்ணாடித் தம்ளர் நிறைய உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொண்டுவந்தார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் என்று தானாகவே சொன்னார். "ஒரே மூச்சுல குடிச்சிடு. உடம்புல தண்ணி நிக்கணும்." தம்ளர் என் கையில் இருந்தது. என் கணவரின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அந்தத் தண்ணீர் யாருக்குத் தேவை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. "நீங்க கொஞ்சம் குடிக்கிறீங்களா?" என்றேன். தம்ளரையே பார்த்தார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது.

"வேணாம் வேணாம். உனக்குத்தான் முடியல" என்றார்.

கடைக்காரம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடித்தேன். அவரைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், அடியில் தங்கிய சர்க்கரைவரை குடித்தேன். அவர் தொண்டை ஒவ்வொரு மிடறுக்கும் ஏறி இறங்கியது. வற்றிப்போன ஒரு நோயாளியின் தண்ணீரைப் பிடுங்கிக் குடித்திருக்கிறேன். இதை வேலையிடத்தில் யாராவது செய்திருந்தால் நானே போய்ப் புகார் கொடுத்திருப்பேன். வாயில் உப்பும் இனிப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தால் மட்டும் இல்லை, என்னை நினைத்தாலும் இப்போது அருவருப்பாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. மகள். "அம்மா, எப்படிம்மா இருக்க? அப்பா குரூப்ல வாய்ஸ் போட்டிருந்தாரு, உனக்கு ரொம்ப முடியலன்னு." அப்படியானால் நான் டவுசரை அலசிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வேலையும் முடிந்திருக்கிறது. குரலை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு வாய்ப்பு. அதற்குள் கடைக்காரம்மா உள்ளே போய்விட்டார், பங்க்கில் இருந்தவரும் விலகிப் போயிருந்தார். நானும் அவரும் மகளும்தான்.

"அப்பாகிட்டயே கேளு" என்றேன். "என்ன நடந்துச்சுன்னு அவரு சொல்லுவாரு."

கைப்பேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு கணம் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஒண்ணும் பயப்படாத கண்ணு" என்றார். "அம்மாவுக்கு இப்பப் பரவால்ல. நான் பாத்துக்கறேன்."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். என் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கையால் கழுவப்பட்ட உடம்போடு, என்னைப் பார்த்துக்கொள்வதாக என் மகளிடம் சொன்னார். "சித்தப்பா சொன்னது சரியாப் போச்சுப்பா" என்று அவள் சிரிப்பது கேட்டது. "ட்ரெயின் பிடிச்சு வந்துடுங்க. அம்மாவ ரொம்ப இழுக்காதீங்க." அவர், "பாக்கலாம், அம்மா என்ன சொல்றாளோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுதும் புரிந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் இத்தனை நாள் தவித்தேன். இப்போது வழி திறந்திருக்கிறது. போதும் என்று நான் சொன்னால் போதும். அதைச் சொன்னால் அவர் ஒட்டிய பெயரில் நானே கையெழுத்துப் போட்டதாகும். சொல்லாவிட்டால் இந்த முதுகு, மறுகடல்வரை.

நான் எழுந்து வண்டியிடம் போனேன். இருக்கைப் பிடியைத் தளர்த்தி, முன் இருக்கையை இறக்கினேன். பின் இருக்கையை ஏற்றினேன். என் பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, பின்னால் உட்காருகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் செருகினேன். அலசிய டவுசரைப் பை மேல் காயப்போட்டேன். அவர் எழுந்து வந்தார்.

"என்ன பண்ற?"

"உக்காருங்க."

"முன்னாடியா உக்காரப் போற? உனக்கு முடியலன்னு சொல்லியிருக்கேன். அவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே அதுதான் கவலை. கடை வாசலைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பங்க்கை இந்த ஜென்மத்தில் இன்னொரு முறை பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அந்த இரண்டு பேர் என்ன நினைப்பார்கள் என்பது, நான் என்ன நினைப்பேன் என்பதைவிட அவருக்குப் பெரிதாக இருந்தது.

"உக்காருங்க" என்றேன் மறுபடியும். "பிடிச்சுக்கறதுக்கு அங்க கைப்பிடி இருக்கு. ஆட்டாம வாங்க."

உட்கார்ந்தார். கடைக்காரம்மா வெளியே வந்து, வயிறு சரியில்லாத பெண் முன்னால் ஏறி வண்டி எடுப்பதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். பங்க்கில் இருந்தவர் ஏதோ புரிந்துகொண்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அல்லது அது என் ஆசையாக இருக்கலாம்.

இறக்கம். முதல் வளைவில் பயந்தேன், இரண்டாவதில் பழகிவிட்டேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. சாலை இவ்வளவு அகலமா என்று இருந்தது. தூரத்தில் மலை, நடுவில் ஒரு ஆறு கம்பியாக வளைந்து கிடந்தது, அதைத் தாண்டி ஊர். காற்று நேராக முகத்தில் வந்து அடித்தது. வியர்வையோ, எச்சிலோ, வேறெதுவோ கலக்காத காற்று. பின்னால் அவர் பாட்டிலைத் திறக்கும் சத்தம் கேட்டது. குடித்தார், நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி குடித்தார். யாரும் பார்க்காத இடத்தில் குடிப்பதில் அவருக்குச் சிக்கல் இல்லை. இறக்கம் முடிந்து சமதளம் வந்தது. மிதித்தேன். முழுக் கனமும் என் காலில்தான். அவர் காலை வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நோயாளி, வைத்துக்கொள்ளட்டும்.

வழியில் ஏதோ ஒரு பூச்சி என் வாயில் புகுந்தது. கசந்தது. இருமினேன், போகவில்லை. பூச்சியோடு புழுதியும் சேர்ந்து வாயெல்லாம் நீர் சுரந்தது.

ஊர் எல்லையில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அம்புக்குறி போட்டு ரயில் படம் வரைந்திருந்தது. வலது பக்கம் மேட்டு நிலத்துக்கு. இடதில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு போயின. வலதில் சாலை வெறிச்சென்று மேலே ஏறிப் போயிற்று. மிதிப்பதை நிறுத்தினேன். பின்னால் அவர் காலும் நின்றது. வண்டி தானாக உருண்டுகொண்டிருந்தது.

"இடது பக்கம் ஸ்டேஷன்" என்றார் பின்னாலிருந்து. என் முதுகோடு பேசினார். குரல் இறங்கியிருந்தது. "சாயங்காலம் ஒரு ட்ரெயின் இருக்கு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்மா. அப்பவே சொல்லியிருக்கேன்ல. நீ போதும்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்."

பதில் சொல்வதென்றால் முதலில் வாயைக் காலிசெய்ய வேண்டும். எதிர்க்காற்று ஓயவில்லை. முகத்தை எந்தப் பக்கம் திருப்பித் துப்பினால் அது எங்கே போய் விழும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. பிரேக் என் கையில் இருந்தது. ரயில் படம் போட்ட பலகை நெருங்கி வந்துகொண்டிருந்தது. "ஏம்மா?" என்றார் அவர், முகத்தை எட்டி என் தோளருகே கொண்டுவந்து. வாய் நிறைய வைத்துக்கொண்டு நான் முன்னால் பார்த்தேன்.